கறுப்புப் பட்டை போட்டால் தகவல் போய்விடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆவணங்களைப் பொதுவெளிக்கு அனுப்புவதற்கு முன் அவற்றிலுள்ள தனிப்பட்ட விவரங்களை அகற்றும் பணியில் நெடுங்காலமாக ஈடுபட்டிருப்பவன் என்ற முறையில், ஒரு கவலையைத் தங்கள் நாளிதழின் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன். பெயர், முகவரி, தொலைபேசி எண், வங்கிக் கணக்கு எண், நோயாளியின் சிகிச்சை விவரம், சாட்சியின் அடையாளம் ஆகியவற்றின் மேல் ஒரு கறுப்புப் பட்டையை வரைந்துவிட்டு, அந்தக் கோப்பை அப்படியே மின்னஞ்சலில் அனுப்புவதும் இணையதளத்தில் ஏற்றுவதும் அலுவலகங்களில் பரவலான வழக்கமாகிவிட்டது. கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அந்தத் தகவல் கோப்பில் இல்லை என்று அனுப்புகிறவர் நம்பிவிடுகிறார். ஆனால் பல கோப்புகளில் பட்டையின் மேலாகச் சுட்டியை இழுத்து, நகலெடுத்து, ஒரு வெற்றுப் பக்கத்தில் ஒட்டினால், மறைக்கப்பட்டதாகக் கருதிய சொற்கள் ஓர் எழுத்துக்கூடக் குறையாமல் வந்துவிடுகின்றன. இதைச் செய்வதற்குக் கணினி நிபுணராக இருக்க வேண்டியதில்லை.

இது ஏன் நேர்கிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் இதைத் தடுக்கவும் முடியும் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பிடிஎஃப் கோப்பின் பக்கம் என்பது, இந்த இடத்தில் இந்த எழுத்தை வை, அந்த இடத்தில் ஒரு கட்டம் வரை என்று கணினிக்குச் சொல்லும் கட்டளைகளின் வரிசை. நாம் கறுப்புக் கட்டம் வரையும்போது அந்த வரிசையின் கடைசியில் இன்னொரு கட்டளை சேர்கிறதே தவிர, முன்னர் இருந்த எழுத்துக்கான கட்டளை அழிவதில்லை. எழுதிய தாளின் மேல் கறுப்பு அட்டையை வைத்து நீட்டுவதற்கு ஒப்பானது இது. வாங்குகிறவர் அட்டையை எடுத்துவிட்டுப் படிக்கலாம். தேடுபொறிகள் கட்டத்தைப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் படிக்கின்றன. பார்வையற்றோருக்காகத் திரையை வாசிக்கும் மென்பொருளும் கட்டத்துக்குக் கீழுள்ள பெயரை உரக்கச் சொல்லிவிடக்கூடும். இது போதாதென்று, பிடிஎஃப் கோப்பில் செய்த மாற்றங்களைப் பழைய உள்ளடக்கத்தின் பின்னால் ஒட்டிச் சேமிக்கும் வழக்கம் அந்த வடிவத்திலேயே அனுமதிக்கப்பட்டிருக்கிறது. அதனால் நீக்கிவிட்டோம் என்று நாம் நினைக்கும் ஒரு பத்தி, முந்தைய பதிப்பாக அதே கோப்புக்குள் கிடக்கலாம். ஸ்கேன் செய்த ஆவணங்களில் வேறொரு சிக்கல் உண்டு. படத்தின் மேல் பட்டையைப் போட்டாலும், எழுத்துணரி மென்பொருள் அந்தப் படத்திலிருந்து எடுத்து வைத்த எழுத்து அடுக்கு கண்ணுக்குப் புலப்படாமல் பின்னால் இருந்துகொண்டே இருக்கும்.

இந்தத் தவறு புதிதன்று என்பதுதான் என் வருத்தத்தை மிகுவிக்கிறது. 1953-ஆம் ஆண்டு ஈரான் ஆட்சிக் கவிழ்ப்பைப் பற்றிய, அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் அறிக்கையை நியூயார்க் டைம்ஸ் 2000-ஆம் ஆண்டு தனது இணையதளத்தில் வெளியிட்டபோது, அந்தக் கவிழ்ப்புக்குத் துணைநின்ற ஈரானியர்களின் குடும்பத்தினருக்கு ஆபத்து நேரலாம் என்று கருதிப் பல பெயர்களைக் கறுப்பாக்கியிருந்தது. வேகம் குறைந்த கணினியில் பக்கம் திறந்தபோது பெயர்கள் முதலில் தோன்றின, கட்டங்கள் பிறகே வந்தன. அந்தப் பெயர்கள் வெளியாகிவிட்டன. 2005 மார்ச்சில் பாக்தாத் அருகே இத்தாலிய உளவுத்துறை அதிகாரி நிக்கோலா கலிப்பாரி அமெரிக்கப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டது குறித்த ராணுவ விசாரணை அறிக்கை பிடிஎஃப் கோப்பாக வெளிவந்தபோது, மறைக்கப்பட்டிருந்த படைவீரர்களின் பெயர்களையும் சோதனைச் சாவடி நடைமுறைகளையும் வாசகர்கள் நகலெடுத்து ஒட்டியே படித்துவிட்டார்கள். 2009-இல் அமெரிக்க விமானநிலையப் பாதுகாப்பு அமைப்பின் சோதனைக் கையேடும், 2011-இல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றிய பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் அறிக்கையும் இதே வழியில் வெளிப்பட்டன. 2019 ஜனவரியில் டிரம்ப்பின் தேர்தல் பிரசாரத் தலைவராக இருந்த பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த மனுவிலும், கட்டத்துக்குக் கீழிருந்த வரிகள் சில நிமிட வேலையில் வெளிவந்தன. பணமும் ஆளும் சட்ட அறிவும் நிறைந்த இடங்களிலேயே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஒரே பிழை திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

பெரிய செய்தியாகாத பிழைகள் இவற்றைவிட அதிகம். அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் ஆவணங்களில் ஏறத்தாழ 18 லட்சத்தை 2011-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த திமொதி லீ என்ற ஆய்வாளர் மென்பொருள் கொண்டு சோதித்தார். கட்டம் வரைந்து மறைக்கப்பட்டவையாக அடையாளம் காணப்பட்டவை சுமார் 2,000. அவற்றில் 194 ஆவணங்களில் மறைப்பு தோற்றுப்போயிருந்தது. வணிக ரகசியங்களோடு சாட்சிகளின் பெயர்களும் நடுவர்குழு உறுப்பினர்களின் பெயர்களும் அவற்றில் அடங்கியிருந்தன. அந்தச் சாட்சிகள் எவரும் அந்தக் கோப்பைத் தயாரிக்கவில்லை; அதைச் சரிபார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. பிழை செய்கிறவர் ஒருவராகவும் அதன் விளைவைச் சுமக்கிறவர் வேறொருவராகவும் இருப்பதுதான் இந்த விஷயத்தில் நான் பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்று.

விரிதாள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றில் கறுப்புப் பட்டைகூட இருப்பதில்லை. எக்செல் கோப்பில் ஒரு நெடுவரிசையையோ கிடைவரிசையையோ முழுத் தாளையோ மறைத்து வைப்பது பார்வை வசதிக்காகத் தரப்பட்ட ஏற்பாடு. ஓரிரு சொடுக்குகளில் அதைத் திரும்பக் கொண்டுவரலாம். 2023 ஆகஸ்ட் 8 அன்று வடக்கு அயர்லாந்துக் காவல்துறை, எந்தெந்தப் பதவியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு ஒரு விரிதாளை அனுப்பியது. எண்ணிக்கை மட்டும் இருக்க வேண்டிய அந்தக் கோப்பில், கண்ணில் படாமல் ஒரு தாள் இருந்தது. அதில் 9,483 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, பணியிடம் ஆகியவை இருந்தன. சுமார் இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு அது இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஆயுதக் குழுக்களின் அச்சுறுத்தலுக்கு அஞ்சித் தாங்கள் செய்யும் வேலையை அக்கம்பக்கத்தாரிடம்கூடச் சொல்லாமல் வாழும் காவலர்கள் இருக்கும் இடம் அது. தகவல் அத்தகைய குழுக்களின் கைக்குச் சேர்ந்துவிட்டது என்று காவல்துறைத் தலைவரே சில நாள்களில் ஒப்புக்கொண்டார். 2024-இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 7,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. அனுப்பும் முன் அந்தப் பதிலைப் பார்த்தவர்கள் இருந்தும் பிழை பிடிபடவில்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. விரிதாளிலிருந்து சில எண்களை மட்டும் தர வேண்டுமானால், அந்த எண்களை ஒரு புதிய, வெற்றுக் கோப்பில் மதிப்புகளாக மட்டும் ஒட்டி அதை அனுப்ப வேண்டும். மூல விரிதாளை வெட்டிச் சுருக்கி அனுப்பும் பழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. விரிதாளில் தொகுப்பு அட்டவணை (பிவட் டேபிள்) ஒன்று இருந்தால், அதற்கு அடிப்படையான முழுத் தரவும் அதன் பின்னால் சேமிக்கப்பட்டிருக்கலாம். வேர்ட் கோப்பிலோ விளக்கக்காட்சியிலோ ஒட்டிய வரைபடத்தோடு முழு விரிதாளும் உடன் போகலாம்.

வேர்ட் கோப்புகளில் மாற்றப் பதிவுகளும் குறிப்புரைகளும் நீக்கிய வரிகளைச் சுமந்து செல்கின்றன. அதில் செருகிய படத்தின் ஓரங்களை வெட்டினாலும், வெட்டிய பகுதிகளை அழிக்கும்படி தனியாகக் கட்டளையிடாத வரை முழுப் படமும் உள்ளேயே இருக்கும். எழுதியவர் பெயர், தேதிகள் போன்றவை மெட்டாடேட்டாவாகக் கோப்பின் பண்புகளில் தங்கிவிடுகின்றன. ஈராக்கைப் பற்றி பிரிட்டன் அரசு 2003 பிப்ரவரியில் வேர்ட் வடிவில் வெளியிட்ட ஆவணத்தில், அதைத் திருத்திச் சேமித்தவர்களின் பெயர்ப் பதிவு அப்படியே இருந்ததால், யார் யார் கைவழியாக அது வந்தது என்பதை வெளியார் ஒருவரால் எளிதாகத் தொகுக்க முடிந்தது.

படங்களில் மங்கலாக்குவதையும் கட்டம்கட்டமாகச் சிதைப்பதையும் பாதுகாப்பென்று பலர் நம்புகிறார்கள். அது ஆபத்தான நம்பிக்கை. எழுத்தைக் கட்டம்கட்டமாகச் சிதைத்தால், எந்தச் சொல்லைச் சிதைத்தால் இதே கட்டங்கள் வரும் என்று கணினி ஒவ்வொன்றாக முயன்று பார்க்கலாம். அவ்வாறு மீட்டெடுக்கும் நிரல்கள் 2020 முதல் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்திலேயே கிடைக்கின்றன. குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் தேடப்பட்ட ஒருவன் தன் முகத்தைச் சுழல்போலத் திரித்து வெளியிட்டிருந்த படங்களை, ஜெர்மன் காவல்துறை நிபுணர்கள் திருப்பிச் சுழற்றி முகத்தை மீட்டதும், 2007-இல் இன்டர்போல் அதை வெளியிட்டு அவனைப் பிடிக்க வழி செய்ததும் நல்ல காரியமே. ஆனால் அதே வழி, மறைந்து வாழ வேண்டிய ஓர் அப்பாவியின் முகத்துக்கும் பொருந்தும். ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி அனுப்பினால் போதும் என்ற எண்ணமும் 2023 மார்ச்சில் பொய்த்தது. கூகுளின் பிக்சல் கைப்பேசிகளில் இருந்த படத்திருத்தக் கருவி, வெட்டிய சிறிய படத்தைப் பழைய பெரிய படத்தின் மேல் எழுதிவிட்டு, எஞ்சிய பழைய தரவைக் கோப்பின் வால்பகுதியில் அழிக்காமல் விட்டுவந்தது. விண்டோஸ் 11-இன் திரைப்பிடிப்புக் கருவியிலும் இதே குறை கண்டறியப்பட்டது. குறை பின்னர் சரிசெய்யப்பட்டது. ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகளாகப் பகிரப்பட்ட படங்களை எந்தத் திருத்தமும் எட்டுவதில்லை.

எழுத்தை உண்மையாகவே நீக்கிய பின்னும் ஒரு சங்கடம் எஞ்சுகிறது. இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் காட்டியபடி, பிடிஎஃப் கோப்பில் நீக்கிய சொல்லுக்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகளின் துல்லியமான இடக்குறிப்புகள், இடைவெளியின் அகலத்தைச் சொல்லிவிடுகின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் அகலம் வெவ்வேறாக இருப்பதால், சாத்தியமான பெயர்களின் பட்டியல் ஒன்று கையில் இருந்தால், அந்த இடைவெளியில் எந்தெந்தப் பெயர்கள் சரியாகப் பொருந்தும் என்று கணக்கிட்டுப் பட்டியலை வெகுவாகச் சுருக்க முடியும். ஓர் அலுவலகத்தில் பணிபுரிகிறவர்கள் சிலர்தான் என்னும்போது, சுருங்கிய பட்டியலில் ஒரே பெயர் மிஞ்சுவதற்கு வாய்ப்பு அதிகம். பெயரை எடுத்துவிட்டு, பதவியையும் சேர்ந்த தேதியையும் பிரிவையும் விட்டுவைப்பதும் ஏறக்குறைய இதே விளைவைத் தரும். அதற்குக் கணக்குக்கூடத் தேவையில்லை.

ஆகவே, பாதுகாப்பான வழி மூலத்திலிருந்தே தொடங்குகிறது. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2005 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம் இன்றும் பொருந்தும். மூலக் கோப்பைத் தொடாமல் அதன் நகலை எடுத்து, மாற்றப் பதிவுகளை நிறுத்தி, வெளியாகக் கூடாத சொற்களை அந்த நகலில் அழித்து, அவற்றின் இடத்தில் பொருளற்ற எழுத்துகளை இட்டு, பின் முழு உள்ளடக்கத்தையும் ஒரு புதிய வெற்றுக் கோப்புக்கு மாற்றி, அதிலிருந்து பிடிஎஃப் உருவாக்க வேண்டும். நான் இதோடு ஒன்றைச் சேர்ப்பேன்: எடுத்த சொல்லின் நீளத்தைக் காட்டிக்கொடுக்காதபடி, எல்லா இடங்களிலும் 'பெயர் நீக்கப்பட்டது' என்பது போன்ற ஒரே தொடரைப் பயன்படுத்தினால், வரி முழுவதும் புதிதாக அமைந்துவிடும், எதையோ எடுத்திருக்கிறார்கள் என்பதும் வாசகருக்கு நேர்மையாகத் தெரிவிக்கப்படும். மூலக் கோப்பு இல்லாமல் பிடிஎஃப் மட்டுமே கையில் இருந்தால், சாதாரணக் கட்டம் வரையும் கருவியையோ கறுப்பு வண்ண அடையாளக் கோட்டையோ விட்டுவிட்டு, உள்ளடக்கத்தையே அழிக்கும் தனிக் கருவியைப் பயன்படுத்த வேண்டும். அடோபி அக்ரோபேட்டின் கட்டண பதிப்பில் அது உண்டு. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸில் 2019-இல் வந்த 6.3 பதிப்பு முதல் உண்டு. அக்ரோபேட்டில் பகுதிகளைக் குறித்து வைப்பது முதல் படி மட்டுமே. அதைச் செயல்படுத்தும் கட்டளையைத் தந்து, மறைந்துள்ள தகவல்களை அகற்றும் கட்டளையையும் தந்து, புதிய பெயரில் சேமித்தால்தான் வேலை முடிகிறது. குறித்துவிட்டுச் செயல்படுத்தாமல் சேமித்த கோப்புகள் என் பார்வைக்கு இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அச்சிட்டுப் பேனாவால் அடித்து மீண்டும் ஸ்கேன் செய்வதும் தானாகவே பத்திரமாகிவிடாது. 2023-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு எதிரான அமெரிக்க வழக்கு ஒன்றில் சோனி தந்த ஆவணத்தில் மைக்கோட்டின் கீழிருந்த எண்களை ஸ்கேன் படத்தில் படிக்க முடிந்தது.

பக்கங்கள் முழுவதையும் படமாக மாற்றிவிடுவது உறுதியான வழி என்று சிலர் சொல்வார்கள். எழுத்து அடுக்கு அதில் ஒழிந்துவிடும் என்பது உண்மையே. ஆனால் பார்வையற்ற வாசகருக்கு அந்த ஆவணம் முழுவதும் அடைபட்டுப்போகும் என்பதால், அவ்வாறு செய்கிறவர்கள், மறைப்பு முடிந்த படத்தின் மீது எழுத்துணரியைப் புதிதாக இயக்கிச் சுத்தமான எழுத்து அடுக்கைச் சேர்த்துத் தர வேண்டும். அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனையோ எளிது: தயாரித்தவர் அல்லாத இன்னொருவர், வேறொரு மென்பொருளில் கோப்பைத் திறந்து, நீக்கிய பெயர்களையும் எண்களையும் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிப் படிக்க வேண்டும், பக்கத் தலைப்பு, அடிக்குறிப்பு, புத்தகக்குறி, இணைப்பு, படிவக் கட்டங்கள், கோப்பின் பெயர் ஆகிய இடங்களையும் பார்க்க வேண்டும். ஆவணத்தின் உள்ளே நீக்கிய பெயர் கோப்பின் பெயரிலேயே இருப்பதை அடிக்கடி காண்கிறேன்.

இந்தப் பொறுப்பைக் கடைசியாக அனுப்பும் பொத்தானை அழுத்துகிற ஊழியரின் தலையில் கட்டுவது நியாயமாகாது. மாலைக்குள் பதில் போயாக வேண்டும் என்ற நெருக்கடியில், உரிய மென்பொருளும் பயிற்சியும் இல்லாமல், கட்டம் வரைந்து அனுப்பும்படி அவரை விட்டுவைத்தது நிர்வாகம்தான். எந்த விவரங்களை நீக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வரையறுத்தல், நீக்குவதற்கான கருவி, இரண்டாவது ஆளின் சரிபார்ப்பு, அதற்கான நேரம் ஆகியவை எழுத்துவடிவிலான நடைமுறையாக ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டும். அதே வேளையில், இந்த அச்சத்தைக் காரணம் காட்டி மக்களுக்குத் தர வேண்டிய ஆவணங்களைத் தராமல் இருப்பதையும், தேவையில்லாத வரிகளையும் கறுப்பாக்குவதையும் நான் ஏற்கவில்லை. தனிநபரின் விவரத்தை முறையாக நீக்கத் தெரிந்த அலுவலகத்துக்குத்தான் மற்றவற்றை அச்சமின்றி வெளியிட முடியும்.

நாளிதழ்களுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்பதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன். புகார் மனுக்கள், சான்றிதழ்கள், உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட்டுகள், நீதிமன்ற உத்தரவுகள் ஆகியவற்றின் படங்கள் செய்திகளோடு வெளியாகின்றன. தகவல் தந்தவரே மங்கலாக்கி அனுப்பிய படத்தை அப்படியே வெளியிடுவது போதாது. அதன் மூலத்தைக் கேட்டுப் பெற்று, இதழே முழுக் கறுப்பில் மறைத்து, தட்டையான புதிய படமாக்கி வெளியிட வேண்டும். கைப்பேசியில் எடுத்த படங்களில் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு இருக்கக்கூடும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த, வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கிய ஜான் மெக்காஃபியின் படத்தை ஓர் இதழ் அந்தக் குறிப்போடு இணையத்தில் வெளியிட்டதால், அவர் குவாத்தமாலாவில் இருப்பது உலகுக்குத் தெரிந்தது. தன்னை நம்பி ஒரு படத்தை அனுப்பும் வாசகருக்கு அந்த நிலை வரக் கூடாது.

மீறித் தவறு நேர்ந்துவிட்டால், கோப்பை இணையதளத்திலிருந்து அகற்றிவிட்டு அமைதியாக இருந்துவிடும் போக்கு மிகவும் கெடுதலானது. தேடுபொறிகளின் சேமிப்பிலும், இணையக் காப்பகங்களிலும், தரவிறக்கம் செய்தவர்களின் கணினிகளிலும் அது தொடர்ந்து இருக்கும். தேடுபொறிகளிடம் நீக்கக் கோரிக்கை வைப்பதோடு, யாருடைய விவரம் வெளியானதோ அவரிடம் அன்றைக்கே நேரடியாக, என்ன வெளியானது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கடவுச்சொல்லையோ தொலைபேசி எண்ணையோ மாற்றவும், தேவையானால் இருப்பிடத்தை மாற்றவும் அவருக்குக் கிடைக்கும் அவகாசம் அந்த அறிவிப்பைப் பொறுத்தே அமைகிறது. தங்கள் இதழ், வெளியிடும் ஆவணப் படங்களில் தனிநபர் விவரங்களை எவ்வாறு நீக்குகிறது என்பதை விளக்கும் ஒரு குறிப்பையும், தன் விவரம் தவறுதலாக வெளியாகிவிட்டதாகக் கருதும் எவரும் எந்த நேரத்திலும் உடனடியாகத் தெரிவிக்கத்தக்க ஒரு தொடர்பு எண்ணையும் நாள்தோறும் தலையங்கப் பக்கத்தில் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்